புளூ மேசாவில் கோக்கனி தேடுமுன் நீர்மட்டம் பாருங்கள்

"எத்தனை அடி ஆழத்தில் மீன் இருக்கிறது?" அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள புளூ மேசா நீர்த்தேக்கத்துக்குத் தூண்டிலோடு கிளம்பும் நண்பர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது இதைத்தான். நீர்த்தேக்கங்களின் அடித்தரையை ஒலி அலை கொண்டு அளந்து வரைபடமாக்குவது என் தொழில். ஆகவே மீனின் முகவரியும் எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். ஓர் எண்ணைச் சொல்லி அனுப்பிவிடலாம். அந்த எண் சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஆழம் இன்றைக்கு எந்தச் சரிவில், எந்த மேட்டில் தரையைத் தொடுகிறது என்று அவர்கள் கேட்பதே இல்லை. வெறுங்கையோடு திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காதவர்கள்தான்.

புளூ மேசா இயற்கை ஏரி அன்று. கன்னிசன் ஆற்றின் குறுக்கே 1966-இல் கட்டி முடிக்கப்பட்ட மண் அணைக்குப் பின்னால் நீர் ஏறி மூழ்கடித்த பள்ளத்தாக்கு அது. சுமார் 20 மைல் நீளம். நிறைந்து நிற்கும்போது நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 7,519 அடி, உதகமண்டலத்தைவிடச் சற்று உயரம். கிழக்கிலிருந்து மேற்காக ஐயோலா, செபோயா, சாப்பினேரோ என்று மூன்று பகுதிகள். மூன்றும் நீருக்குள் போன ஊர்களின் பெயர்கள். ஆறு வந்து சேரும் ஐயோலா ஆழம் குறைந்தது. அணையை ஒட்டிய சாப்பினேரோதான் மிக ஆழம். வறட்சியில் நீர் வடியும்போது ஐயோலாவின் பழைய கட்டட அடித்தளங்கள் வெளியே தெரியும். அந்தப் பள்ளத்தாக்கின் வழியே ஒரு காலத்தில் குறுகிய அகல இருப்புப் பாதை ஒன்றும் ஓடியது. ஆறு குடைந்த பழைய வாய்க்கால், அதன் இரு கரைத் திட்டுகள், ரயிலுக்காகக் கொட்டிய மண்மேடு, கிளை ஓடைகள் வந்து கலந்த முனைகள் எல்லாம் இன்னும் அடியில்தான் இருக்கின்றன. மீனுக்கு அவை வெறும் பழங்கதை அல்ல.

இங்கே உள்ள மீன்களில் நான்கைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: கோக்கனி, ரெயின்போ டிரவுட், பிரவுன் டிரவுட், லேக் டிரவுட். கன்னிசன் ஆற்றுக்கு நான்குமே வந்தேறிகள். நீலகிரியின் அவலாஞ்சியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து வளர்த்த ரெயின்போ டிரவுட்டும் இதே இனம்தான். இரண்டு இடத்துக்கும் அது விருந்தாளி.

கோக்கனி என்பது கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே வாழ்ந்து முடிக்கும் சாக்கை சால்மன். அதன் உணவு டாஃப்னியா போன்ற நுண்ணிய மிதவை உயிரிகள். அதற்குத் தரை தேவையில்லை. நடுநீரில் கூட்டமாகச் சுற்றும். லேக் டிரவுட்டுக்குக் கோக்கனியே இரை. அது பெரும்பாலும் தரையை ஒட்டிக் கிடந்து மேலே பார்த்துக் காத்திருக்கும். இரண்டுக்கும் குளிர்ந்த நீர் வேண்டும். ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வரை கோக்கனிக்கு உகந்தது. கோடையில் மேல்நீர் சூடேற, கீழே குளிர்நீர் தனியாகப் பிரிந்து நிற்கிறது. இடையில் சில அடிகளுக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் அடுக்குதான் தெர்மோகிளைன். சாப்பாடு அதற்கு மேலே, குளிர்ச்சி அதற்குக் கீழே. ஆகையால் கோடை முழுவதும் கோக்கனி அந்த எல்லையை விட்டு அதிகம் விலகாது. பகலில் லேக் டிரவுட்டின் கண்ணுக்குத் தப்ப இன்னும் கீழே போகும், அந்தி மங்கும்போது மேலேறி மேயும். வெயில் ஏறிய பிறகு ஏரிக்கு வந்து, விடியற்காலையில் பிறர் பிடித்த ஆழத்திலேயே தூண்டிலை இழுத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை.

நடுநீரில் திரியும் மீனுக்கு அடித்தரை வரைபடம் எதற்கு என்று கேட்கலாம். குளிர் அடுக்கு, கிடைமட்டமாக விரித்த ஒரு தளம். அது பள்ளத்தாக்கின் சரிவுகளில் எங்கெல்லாம் முட்டுகிறதோ, அங்கெல்லாம் நடுநீர் மீனும் தரை மீனும் சந்திக்கின்றன. ஓடை முனைகளிலும், ஆற்று வாய்க்காலின் வளைவுகளிலும், நம் கடற்கரை மீனவர்கள் பார் என்று சொல்லும் நீரடி மேட்டைப் போன்ற தனித் திட்டுகளிலும் காற்று தள்ளிய நீர் ஒதுங்கி, மிதவை உயிரிகள் சேரும். சமவுயரக் கோடுகள் நெருங்கி நிற்கும் சரிவை ஒட்டிப் படகை ஓட்டினால் ஆழநீரும் கரையும் ஒரே வீச்சில் கைக்கு எட்டும்.

வரைபடத்தில் உள்ள எண் இன்றைய ஆழம் அல்ல. இதை மறந்துதான் பலரும் தடுமாறுகிறார்கள். சில வரைபடங்கள் தரையின் உயரத்தைக் கடல்மட்டத்திலிருந்து சொல்கின்றன. சில, ஏரி நிறைந்திருப்பதாக வைத்துக்கொண்டு ஆழத்தைச் சொல்கின்றன. ஏரியோ நிறைந்தே இருப்பதில்லை. 2021 கோடையில், கீழே கொலராடோ ஆற்றில் வற்றிவந்த பவல் ஏரியைக் காப்பாற்ற அவசரமாக 36,000 ஏக்கர்-அடி நீரை இங்கிருந்து திறந்துவிட முடிவானது. அந்த ஆண்டு படகு இறங்கும் சரிவுகளே பருவம் முடியுமுன் நீரை விட்டு மேலே நின்றன.

கணக்கு எளிது. ஒரு மேட்டின் உச்சி 7,460 அடியில் இருக்கிறது என்று வையுங்கள். ஏரி நிறைந்து 7,519 அடியில் நின்றால் உச்சிக்கு மேல் 59 அடி நீர். குளிர் அடுக்கு 45 அடி ஆழத்தில் தொடங்குகிறது என்றால், மேடு முழுவதும் குளிர்நீரில் மூழ்கியிருக்கிறது. லேக் டிரவுட் அதன் உச்சியிலேயே படுத்திருக்கும். நீர்மட்டம் 7,490 அடிக்கு இறங்கினால் அதே உச்சிக்கு மேல் 30 அடிதான். உச்சி இப்போது வெதுவெதுப்பில். குளிர் அடுக்கு தரையைத் தொடுவது 7,445 அடிக் கோட்டில், மேட்டின் விலாவில். மீன் இருக்கும் ஆழம் மாறவில்லை, இடம்தான் மாறிவிட்டது. பழைய குறிப்பை நம்பி உச்சியின் மேல் வட்டமடிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அன்றைய நீர்மட்டத்தை அணையை நிர்வகிக்கும் மத்திய அரசுத் துறையே வெளியிடுகிறது. கிளம்புமுன் அதைப் பாருங்கள். ஒலி அலையால் ஆழத்தையும் மீனையும் காட்டும் படகுத் திரைக் கருவிகள் பலவற்றில் நீர்மட்டத் திருத்தம் செய்யும் வசதியும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை என்பது என் அனுபவம்.

கருவியை நம்புவதற்கும் ஓர் அளவு உண்டு. ஒலி அலை கூம்பாக விரிந்து இறங்குகிறது. 20 டிகிரி கூம்பு என்றால் 100 அடி ஆழத்தில் அது 35 அடி அகல வட்டம். செங்குத்தான சரிவின் மேல் நிற்கும்போது அந்த வட்டத்தின் மேட்டுப் பக்கம்தான் முதலில் எதிரொலிக்கும். திரை அதையே தரை என்று வரைந்துவிடும். அதற்குக் கீழே, உண்மையான தரைக்குச் சற்று மேலே ஒட்டிக் கிடக்கும் லேக் டிரவுட் தரையின் எதிரொலிக்குள் கரைந்துபோகும். இதே மங்கல் பகுதியில் மீன் மட்டுமல்ல, நீரடி மேடுகளின் வடிவமும் பிசகும் என்பதால் நாங்கள் ஆய்வுப் பணியில் பல அலைகளைப் பக்கவாட்டில் விரித்து அனுப்பும் கருவியைப் பயன்படுத்துகிறோம். உங்களிடம் ஓர் அலைக் கருவிதான் இருக்கும். சரிவுக்குக் குறுக்காக அல்லாமல் அதன் கோட்டை ஒட்டியே மெதுவாக ஓட்டுங்கள். குறுகிய கூம்புக்கு மாற்றிக்கொள்ளுங்கள். வேறொன்று: கருவியின் உணர்திறனைக் கூட்டி வைத்தால் தெர்மோகிளைனே திரையில் புகை படிந்த பட்டையாகத் தெரியும். அங்கே தேங்கும் உயிரிகளும் அடர்த்தி மாற்றமும் ஒலியைச் சிதறடிப்பதால் வரும் பட்டை அது. மீனைக் காட்டும் வில் வடிவக் கோடுகளைத் தேடும் அவசரத்தில் அதை இரைச்சல் என்று அழித்துவிடாதீர்கள்.

காற்றையும் கவனிக்க வேண்டும். மேற்குக் காற்று இரண்டு நாள் விடாமல் அடித்தால் சூடான மேல்நீர் கிழக்கே குவியும். அங்கே குளிர் அடுக்கு கீழே அமுங்கும், மேற்குப் பக்கம் அது மேலேறும். இன்று செபோயாவில் 45 அடி என்றால் ஏரி முழுவதும் 45 அடி என்று எடுத்துக்கொள்ள முடியாது. வெப்பமானியைக் கயிற்றில் கட்டி இறக்கி இரண்டு இடங்களில் பார்த்துவிடுவது, கருவியில் நாள் முழுவதும் கண் பதிப்பதைவிட மேல்.

தூண்டில் பற்றிச் சுருக்கமாக: கோக்கனிக்கு டவுன்ரிக்கரில், அதாவது தூண்டிலைக் கம்பியில் குறித்த ஆழத்துக்கு இறக்கும் சாதனத்தில், இரும்பு அல்லது ஈயக் குண்டோடு இழுத்து, மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை மைல் வேகம். நீரோட்ட இழுப்பில் கம்பி பின்னால் சாய்வதால் இறக்கிய கம்பியின் நீளத்தை எண்ணும் மானி காட்டும் ஆழத்தைவிடத் தூண்டில் மேலே இருக்கும். கோக்கனி மேல்நோக்கிப் பாய்ந்து கவ்வும். கூட்டத்துக்குச் சற்று மேலே தூண்டில் போவது நல்லது, கீழே போனால் வீண். ரெயின்போவும் பிரவுனும் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கரையோரப் பாறைகளையும் ஓடை முகங்களையும் நாடி வரும். அப்போது இந்தக் கணக்குகள் எதுவும் தேவைப்படாது.

கோடையில் பிடித்த மீனை மீண்டும் நீரில் விட்டுவிடுவது குறித்து எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 12 டிகிரி நீரிலிருந்து இழுத்து, 20 டிகிரியை நெருங்கும் மேல்நீரில் அலைக்கழித்து விடும் கோக்கனி நீந்திப் போவதுபோல் தோன்றினாலும் பல நேரம் பிழைப்பதில்லை. அதன் செதில் எளிதில் உதிரும், வாய் மெலிது. அனுமதித்த எண்ணிக்கை முடிந்தால் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள். படம் எடுத்து விடுவதற்காக மேலும் பிடிக்காதீர்கள். படகை இறக்குமுன் நடக்கும் ஆய்வையும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். படகில் ஒட்டி வரும் அயல் சிப்பிகள் கோக்கனி தின்னும் மிதவை உயிரினங்களின் உணவையே வடிகட்டித் தின்றுவிடும். மே மாதத்தில், பனி விலகிய புதிதில், நீர் சில டிகிரிதான். பிற்பகல் காற்று எழும்பும் வேகம் வேறு. மிதவை அங்கியைப் பெட்டியில் வைக்காமல் அணிந்துகொள்ளுங்கள்.

ஆகஸ்டு முற்றும்போது முதிர்ந்த கோக்கனிகள் சிவந்து, உணவை விட்டுவிட்டுக் கிழக்கே ஆற்றை நோக்கி நகரத் தொடங்கும். கன்னிசன் வழியாக ஈஸ்ட் ஆற்றில் ஏறி ராரிங் ஜூடி மீன்பண்ணை வரை போகின்றன. அங்கே எடுக்கும் முட்டைகளிலிருந்துதான் அடுத்த தலைமுறைக் குஞ்சுகள் வசந்தத்தில் ஆற்றில் விடப்படுகின்றன. இந்தக் காலத்தில் குளிர் அடுக்கைவிட ஐயோலாவின் பழைய ஆற்று வாய்க்கால்தான் முக்கியம். ஆற்றுப் பகுதிக்குத் தனி விதிகள் உண்டு. அவை மாறவும் செய்கின்றன. உரிமம் வாங்கும்போதே அந்த ஆண்டின் விதிப் புத்தகத்தில் கன்னிசன் ஆறு என்ற தலைப்பையும் புளூ மேசா என்ற தலைப்பையும் தனித்தனியே படித்துவிடுங்கள்.