அம்மா கையில் மகளின் போன்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, ஒருநாள் லீவு போட்டுவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு வேலூரில் என் அறைக்கு வந்தார். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததும் மேசைமேல் ஒரு போனை வைத்தார். மகளுடையது. கதை படிக்கிற ஆப் திறந்திருந்தது.

"ராத்திரி பூரா இதையே படிச்சிகினு கீது மேடம். பொண்ணும் பொண்ணும் லவ் பண்ற கதை. இதப் படிச்சிதான் இப்படி ஆயிட்ச்சி. நீங்கதான் மாத்திக் குடுக்கணும்."

மகள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனநல ஆலோசகரிடம் இப்படிப் புத்தகத்தை நோயின் அறிகுறியாகக் கொண்டுவருவது புதிதல்ல. மாற்றுவதற்கு இதில் நோய் எதுவும் இல்லை என்று முதலில் சொன்னேன். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990-லும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. 'மாற்றுகிற' சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் சொல்லிவிட்டது. குணப்படுத்தித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு அம்மாவிடம், நீங்கள் என்ன படிப்பீர்கள் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்பு மாத நாவலாம், ஒன்றையும் விடமாட்டாராம். "அதுல வர்ற பங்களா, கார், கோவக்கார ஹீரோ மாதிரியா உங்களுக்கு வீட்டுக்காரர் அமைஞ்சார்?" என்றேன். அன்று அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மகளிடம் தனியாகப் பேசியபோது, 'நீ அப்படியா?' என்று நான் கேட்கவில்லை. எந்தக் கதை பிடித்தது, ஏன் என்று கேட்டேன். அவள் சொன்னது அமெரிக்க எழுத்தாளர் பாட்ரிசியா ஹைஸ்மித்தின் 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்'. 1952-ல் புனைபெயரில் வந்த நாவல். தன் பெயரைப் போட்டுக்கொள்ள அவருக்கு 1990 வரை ஆனது. பொம்மைப் பிரிவில் நிற்கும் கடைப்பெண்ணுக்கும், விவாகரத்தின் நடுவில் இருக்கும் ஒரு தாய்க்கும் இடையிலான காதல். அதற்கு முந்தைய அமெரிக்க நாவல்களில் இப்படிப்பட்டவர்கள் கடைசியில் சாக வேண்டும், இல்லாவிட்டால் திருந்தி ஆணிடம் போய்ச் சேர வேண்டும் என்று ஹைஸ்மித்தே எழுதியிருக்கிறார். இந்த நாவலில் இரண்டும் நடப்பதில்லை.

ஆனால் இந்தப் பெண்ணுக்கு மனதில் நின்றது முடிவல்ல. கணவன் அமர்த்திய துப்பறிவாளன் இருவரையும் ஊர் ஊராகப் பின்தொடர்ந்து, அறையில் ஒட்டுக்கேட்டு ஆதாரம் சேர்க்கிற பகுதி. "எங்கம்மா என் போனைப் பாக்குறப்ப அவன் ஞாபகம்தான் வருது மேடம்."

நான் பத்து கேள்வி கேட்டிருந்தாலும் அவள் வாயிலிருந்து இது வந்திருக்காது. பிள்ளை படிக்கும் கதையைக் குற்றப்பத்திரிகையாக வாசிக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான். இப்படிக் கதை படிப்பவர்கள் எல்லோரும் தன்பாலீர்ப்பு உள்ளவர்களும் அல்ல. சிலருக்கு அது தோழியைப் புரிந்துகொள்ளும் வழி, சிலருக்கு வெறும் நல்ல கதை.

எல்லாவற்றையும் தலையில் தூக்கிவைக்கவும் வேண்டாம். வாணியம்பாடியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உருது டீச்சர் ஒருவர்தான் எனக்கு உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் 'லிஹாஃப்' கதையை வரிவரியாகச் சொன்னார். லிஹாஃப் என்றால் ரஜாய், பஞ்சு அடைத்த கனமான போர்வை. 1942-ல் வந்த கதை. ஆபாசம் என்று லாகூரில் வழக்குப் போட்டார்கள். இதுதான் ஆபாசமான சொல் என்று சாட்சிகளால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை, சுக்தாய் விடுதலையானார். நவாப் கவனிக்காத மனைவிக்கும் வேலைக்காரிக்கும் இடையே நடப்பதை ஒரு சிறுமி இருட்டில், ரஜாயின் நிழல் சுவரில் யானையாக அசைவதாகப் பார்க்கிறாள். எதையும் பச்சையாகச் சொல்லாமல் எல்லாவற்றையும் உணர்த்திவிடுகிற எழுத்து அது. ஆனால் 'புருஷன் சரியில்லை, அதனால் இப்படி' என்று காரணம் கற்பிக்க இடம் தருகிற கதையும்கூட. சிறுமியிடம் அந்த மனைவி, பேகம், நடந்துகொள்ளும் விதம் வேறு விஷயம். அது குழந்தைப் பாதுகாப்பு பற்றிய கேள்வி, தன்பாலீர்ப்போடு சேர்த்துக் குழப்பக் கூடாது. டீச்சரும் நானும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. எழுதிய காலத்தை வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்சி.

2025 மே மாதம், வேலூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரை எதிர்மனுதாரராகக் கொண்ட ஆட்கொணர்வு வழக்கில், வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட 25 வயதுப் பெண்ணைத் தன் இணையோடு போகச் சென்னை உயர் நீதிமன்றம் அனுமதித்தது. திருமணம் மட்டுமே குடும்பம் அமைக்கும் வழியல்ல என்றது. எல்லா அம்மாவும் லீலா சேத் ஆகிவிட முடியாது என்றும் அதில் ஒரு குறிப்பு உண்டு. லீலா சேத் நீதிபதியாக இருந்தவர். எழுத்தாளர் விக்ரம் சேத்தின் அம்மா. தன்பாலீர்ப்பு உள்ள மகனை மகனாகவே ஏற்றுக்கொண்டு, அதை வெளிப்படையாக எழுதவும் செய்தவர்.

என் முன்னால் உட்கார்ந்திருந்த ஆம்பூர் அம்மாவிடம் நான் அவ்வளவு கேட்கவில்லை. மகளுக்குப் பிடித்த கதையை அவள் வாயால் சொல்லச் சொல்லிக் கேளுங்கள், நடுவில் குறுக்கே பேசாதீர்கள் என்றேன். முதல் வாரம் நடக்கவில்லை. இரண்டாம் வாரம் பாதிக் கதையோடு சண்டை.

மூன்றாம் வாரம் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அப்பா கையில கெடைக்காம லாக் போட்டு வச்சிக்கோ" என்றாராம்.