போர்ஷனை முடித்துவிட்டுத்தான் மாக் எழுதுவீர்களா?

கேட் தேர்வுக்கு யோசனை கேட்டு இந்த ஜூன் மாதத்தில் வந்தவர்களில் இவர் நான்காவது ஆள். ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, கலர் கலராகக் கட்டம் போட்ட எக்செல் ஷீட்டோடு வந்து உட்கார்ந்தார். காலை 5 முதல் இரவு 11 வரை படிப்பு. குளிக்க 15 நிமிடம். மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) எங்கே தம்பி என்றேன். "அது அக்டோபர்ல சார். முதல்ல போர்ஷனை முடிச்சுடறேன்."

ஐ.ஐ.எம்.களில் எம்.பி.ஏ. சேர எழுதும் கேட் (CAT) தேர்வைச் சொல்கிறேன். எம்.டெக். கேட் (GATE) இல்லை. (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, என்ன செய்ய.)

முதலில், போர்ஷன் என்று ஒன்று இதற்குக் கிடையாது. ஐ.ஐ.எம்.கள் பாடத்திட்டம் வெளியிடுவதில்லை. ஐந்து யூனிட்டை முடித்துவிட்டு செமஸ்டர் எழுதப் போன பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கணக்கில் கேட்பது பெரும்பாலும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தெரியாமல் விட்டவர்களைவிட, தெரிந்த கணக்கைத் தொடவே நேரமில்லாமல் போனவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். மொத்தம் 120 நிமிடம், மூன்று பிரிவு, ஒவ்வொன்றுக்கும் 40. ஒரு பிரிவு முடிந்தால் அதற்குத் திரும்ப முடியாது. 2024இல் கணக்குப் பிரிவில் 22 கேள்விகள். எல்லாவற்றையும் போடுவேன் என்றால் ஒன்றுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. சரியான விடைக்கு 3, ஆப்ஷன் உள்ள கேள்வியில் தப்பானால் மைனஸ் 1. எதைத் தொடாமல் விடுவது என்று அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டும். டி.ஐ.எல்.ஆரில் (தரவும் தர்க்கமும் கேட்கும் பிரிவு) ஒரே தரவை வைத்துக் கேட்கும் ஒரு செட்டைப் பிடித்துக்கொண்டு 15 நிமிடம் தொங்கினால் அந்தப் பிரிவே போச்சு. எந்தப் புத்தகத்தில் எந்த அத்தியாயத்தைப் படித்தால் இது வரும்? அக்டோபரில் முதல் மாக் எழுதி, பர்சென்டைலைப் (எத்தனை சதவீதம் பேரைவிட முன்னால் என்ற கணக்கு) பார்த்து மிரண்டு, ஹால் டிக்கெட்டைத் தொடாமலே விட்டவர்களும் உண்டு.

சரி. முதல் மாக் இந்த ஞாயிற்றுக்கிழமையே எழுதுங்கள். மார்க் கேவலமாக வரட்டும். எழுத 2 மணி நேரம் என்றால் அதை அலச 3 மணி நேரமாவது வேண்டும். அலசாத மாக் வெறும் பொழுதுபோக்கு. இப்போதைக்கு வாரம் ஒன்று போதும். செப்டம்பருக்கு அப்புறம் இரண்டு. தேர்வு ஸ்லாட் தெரிந்ததும் அதே நேரத்தில் எழுதிப் பழகுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வார நாளில் தினம் 2 மணி நேரம், சனி ஞாயிறு தலா 5 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 20 ஆகிறது. நவம்பர் கடைசிவரை விடாமல் செய்தால் அதுவே தாராளம். ஆங்கிலப் பிரிவுக்கு மின்சார ரயிலில் தினம் ஒரு நீளமான கட்டுரை, ரீல்ஸ் பார்க்கும் நேரத்தில்.

வேலையை மட்டும் தயவுசெய்து விடாதீர்கள். பல ஐ.ஐ.எம்.கள் பணி அனுபவத்துக்கும் மதிப்பெண் தருகின்றன. நேர்காணலில் அந்த இடைவெளியைக் கேட்கவும் கேட்பார்கள்.

தம்பியின் ஷீட்டில் ஞாயிற்றுக்கிழமையை முழுசாக அழிக்கச் சொன்னேன். "ரொம்பக் கம்மியா வந்தா என்ன சார் பண்றது?" என்றார். வரும், எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பியிருக்கிறேன்.