‘அனானிமைசேஷன்’: பெயர்நீக்கமா, அடையாள நீக்கமா?

அரசுத் துறையிடம் உள்ள குடிமக்கள் தரவை ஆய்வுக்கோ பொதுப் பார்வைக்கோ வெளியிடுமுன், அது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதபடி செய்வதே ‘அனானிமைசேஷன்’. ‘இல்லாத’ என்ற பொருளுள்ள ‘அன்’, ‘பெயர்’ என்ற பொருளுள்ள ‘ஒனிமா’ ஆகிய கிரேக்கச் சொற்கள் சேர்ந்து பிறந்தது. நம்மிடம் வடமொழி வழி வந்த ‘அநாமதேயம்’ (அ + நாமதேயம்) அதே வார்ப்புதான். நாமமும் ஒனிமாவும் ஒரே வேரைச் சேர்ந்தவை. ஆகவே ‘அநாமதேயமாக்கல்’, ‘பெயர்நீக்கம்’ இரண்டும் சொல்லுக்குச் சொல் சரி. செய்ய வேண்டிய வேலைக்குத்தான் பொருந்தவில்லை. ‘பெயர்நீக்கம் செய்து அனுப்புக’ என்று கோப்பில் எழுதினால், அட்டவணையில் பெயர் என்ற பத்தியை மட்டும் அழித்துவிட்டு அனுப்புவார்கள். மொட்டைக்கடிதத்திலும் பெயர் இருக்காது. ஆனால் எழுதியவர் யார் என்று எழுத்தின் சாயல் சொல்லிவிடும்.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நடந்தது இதுதான். அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றும் அப்படியே இருந்தன. அப்போது மாணவியாக இருந்த லட்டான்யா சுவீனி, கேம்பிரிட்ஜ் நகர வாக்காளர் பட்டியலை 20 டாலருக்கு வாங்கி இரண்டையும் பொருத்தினார். ஆளுநர் வில்லியம் வெல்டின் பிறந்த தேதி பட்டியலில் 6 பேருக்கு இருந்தது. அவர்களில் ஆண்கள் 3 பேர். அவருடைய அஞ்சல் குறியீட்டில் ஒருவர்தான்: அவரே. அவருடைய மருத்துவப் பதிவு சிக்கிவிட்டது.

அதனால் ‘அடையாள நீக்கம்’ என்பதே பொருத்தம். திரும்பக் கண்டுபிடிக்கவே முடியாத நிலையைச் சட்டப்பூர்வமாகக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘மீளா அடையாள நீக்கம்’ என்று எழுதலாம்.

வேலையின் வரிசை இது: பெயர், அடையாள எண், தொலைபேசி எண், கதவு எண் ஆகிய நேரடி அடையாளங்களை முதலில் எடுத்துவிட வேண்டும். பிறகு சுற்றி வளைத்துக் காட்டிக்கொடுப்பவை: பிறந்த தேதியை 5 ஆண்டு வயது வரம்பாக்கலாம், அஞ்சல் குறியீட்டின் கடைசி இலக்கங்களை வெட்டலாம். வயது, பாலினம், பகுதி என்ற எந்தச் சேர்க்கையிலும் குறைந்தது 5 பேராவது இருக்கிறார்களா என்று எண்ண வேண்டும்; இல்லாவிட்டால் வரம்பை இன்னும் அகலமாக்க வேண்டும். ஐந்து பேருக்கும் ஒரே நோய் என்றால் அதுவும் வீண். அந்த ஐவரில் ஒருவர் என்று தெரிந்தாலே நோயும் தெரிந்துவிடும். அட்டவணையில் சிறிய எண்ணை மறைத்துவிட்டு மொத்தத்தை விட்டுவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. மொத்தத்திலிருந்து மற்றவற்றைக் கழித்தால் மறைத்தது வெளியே வந்துவிடும். அதே வரிசையில் இன்னொரு எண்ணையும் மறைக்க வேண்டும்.

இதோடு குழம்பும் இன்னொரு சொல் ‘சூடோனிமைசேஷன்’: பெயரையோ எண்ணையோ எடுத்துவிட்டு அந்த இடத்தில் வேறொன்றைப் போடுவது. கிரேக்கத்தில் ‘சூடெஸ்’ என்றால் பொய். சிலர் ‘புனைபெயராக்கம்’ என்கிறார்கள். எழுத்தாளர் வாசனை வீசுகிறது. இங்கே போடுவது பெரும்பாலும் குறிதானே, ‘மாற்றுக்குறியிடல்’ போதும். எந்தக் குறி யாருக்கு என்ற திறவுப் பட்டியல் எங்காவது இருக்கும்வரை இது மீளக்கூடியது. 2018 முதல் நடைமுறையில் உள்ள ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதியும் மாற்றுக்குறியிட்ட தரவைப் பொதுவாகத் தனிநபர் தரவாகவே பார்க்கிறது. திறவுப் பட்டியல் வேறு கணினியில், வேறு அலுவலர் பொறுப்பில் இருக்க வேண்டும்.

எண்களை வெறும் ஹேஷ் செய்துவிட்டால், அதாவது ஒரு கணக்கீட்டு முறையால் நேரடியாகத் திருப்ப முடியாத எழுத்துக்கோவையாக மாற்றிவிட்டால், போதும் என்ற நம்பிக்கை ஆபத்தானது. 2014இல் வெளியான நியூயார்க் டாக்சிப் பயணத் தரவில் உரிம எண்கள் எம்டி5 என்ற பழைய முறையில் ஹேஷாக இருந்தன. சாத்தியமான உரிம எண்களோ கொஞ்சம்தான். எல்லாவற்றையும் ஹேஷ் செய்து ஒப்பிட்டு, சில மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். பத்து இலக்கத் தொலைபேசி எண்ணுக்கும் இதே கதிதான். இன்னும் வலிமையான ஹேஷ் முறைக்கு மாறினாலும் காப்பாற்றாது. இரகசியத் திறவுகோல் சேர்த்த ஹேஷ் வேண்டும், அல்லது தொடர்பே இல்லாத தற்செயல் எண்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கோப்பு கவிழ்த்துவிடக்கூடும். 2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல்துறை, தகவல் கேட்டு வந்த மனுவுக்கு அனுப்பிய எக்செல் கோப்பில் மறைந்திருந்த ஒரு தாளில் 9,483 பணியாளர்களின் விவரங்கள் இருந்தன. எக்செலை அப்படியே அனுப்பாமல், வெறும் எழுத்தாக ஒரு தாளை மட்டும் வைக்கும் சிஎஸ்வி கோப்பாகச் சேமித்து, சாதாரண உரைத்திருத்தியில் திறந்து பார்த்த பிறகே அனுப்ப வேண்டும். பிடிஎஃப்பில் கறுப்புப் பட்டை போட்டிருந்தால், அந்த இடத்தை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். பல சமயம் எழுத்து அப்படியே வரும்.