சட்டை போடுவதற்கு ஒரு படிப்பா?

"இங்க வந்தா வேலை வாங்கித் தருவீங்களா தம்பி?"

அறைக் கதவில் 'தொழில்வழிச் சிகிச்சை' என்று எழுதி ஒட்டினால் இப்படித்தான் கேட்பார்கள். நோயாலோ காயத்தாலோ முடங்கியவர் அன்றாடக் காரியங்களைத் தானே செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியைச் சிலர் இந்தப் பெயரால் சொல்கிறார்கள், சிலர் செயல்முறை மருத்துவம் என்கிறார்கள். எந்தப் பெயராக இருந்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் தொழில் என்றதும் சம்பளம் வரும் வேலை மட்டும்தான் நம் நினைவுக்கு வருகிறது. பள்ளிக்கூடத்தில் தொழிற்பெயர் படித்தோமே, ஞாபகம் இருக்கிறதா? உண்ணல், உடுத்தல், குளித்தல், எழுதுதல். இலக்கணத்தில் இவை எல்லாமே தொழில்தான். எங்கள் படிப்பிலும் அப்படியே.

முதல் வருடத்தில் ஆசிரியர் ஒரு சட்டையை மேசைமேல் வைத்து, இதைப் போட்டுக்கொள்வது எப்படி என்று படிப்படியாக எழுதச் சொன்னார். எட்டு வரியில் முடித்துவிட்டேன். அவர் என் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதை மட்டும் செய்ய ஆரம்பித்தார். 'சட்டையை எடுக்கவும்' என்றிருந்தது. காலரைப் பிடிப்பதா, கீழ் விளிம்பையா என்று நான் எழுதவில்லை. அவர் சட்டைக் கை ஒன்றின் நுனியைப் பிடித்துத் தூக்கினார். மூன்றாவது வரியில் சட்டை தலைகீழாகத் தொங்கியது. வகுப்பே சிரித்தது. அதன்பிறகு திரும்ப எழுதியபோது நாற்பது வரியைத் தாண்டியது.

செயலைப் பகுத்துப் பார்ப்பது என்று இதற்குப் பெயர். ஒரு பொத்தானைப் போட, காஜா எங்கே இருக்கிறது என்று கண்ணோ விரலோ கண்டுபிடிக்க வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் பொத்தானைக் கிள்ளிப் பிடிக்க வேண்டும், மற்றக் கை துணியை இழுத்துக் கொடுக்க வேண்டும். சட்டையைச் சுற்றி எடுக்கக் கை முதுகுப்பக்கம் போகும்போது உடம்பு சாயாமல் நிற்க வேண்டும். அடுத்தது என்ன என்பது மறக்கக் கூடாது. உடற்கூறியல், நரம்பியல், உளவியல் என்று நாங்கள் படிப்பதெல்லாம் இதில் எந்த இடத்தில் கயிறு அறுந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான். புத்தகத்தோடு முடிவதில்லை. உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரப்படி, மாணவர் 1,000 மணி நேரமாவது நேரடிப் பயிற்சியில் இருக்க வேண்டும்.

இந்தத் துறைக்கென முதல் சங்கம் 1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸில் தொடங்கியது. தொடங்கியவர்களில் ஒருவரான ஜார்ஜ் பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோய், பாதத்தில் அறுவைச் சிகிச்சை, அப்புறம் இடப்பக்க வாதம் என்று வரிசையாக அனுபவித்தவர். பட்டறை வேலையும் தோட்ட வேலையும் செய்துதான் தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆக, மருத்துவம் பார்த்தவர்களோடு நோயில் கிடந்தவரும் சேர்ந்து உண்டாக்கிய துறை இது. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

பக்கவாதம் வந்து சில மாதம் ஆன ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பிசியோதெரபியில் நன்றாகத் தேறியிருந்தார், கோல் பிடித்து நடந்தார். ஆனால் வீட்டில் அவருக்குச் சட்டை மாட்டுவது, தலை வாருவது, செருப்புப் போடுவது எல்லாமே மனைவிதான். "அவரால முடியாது தம்பி, பாவம்" என்றார் அந்த அம்மா. பெரியவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்ய ஆசை என்று கேட்டேன். பதிலை அந்த அம்மாவே சொல்லப் போனார். "ஒரு நிமிஷம்மா, ஐயாவே சொல்லட்டும்" என்றேன். ரொம்ப நேரம் கழித்து, "சட்டை" என்றார்.

இதைப் படிக்கிறவர் வீட்டில் இப்படி யாராவது இருந்தால், முறை இதுதான். பாதம் இரண்டும் தரையில் பதிகிற மாதிரி நாற்காலியில் உட்கார வையுங்கள். தளர்வான சட்டையை மடியில் விரித்து, பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். துணியை முழங்கைக்கு மேலே, தோள்வரை ஏற்றிவிட்ட பிறகுதான் நல்ல கை. கழற்றும்போது நேர்மாறு: நல்ல கை முதலில் வெளியே வரும். பொத்தானைக் கீழிருந்து மேலே போட்டுக்கொண்டு வந்தால் ஏறுமாறாகாது. பலவீனமான கையைப் பிடித்து இழுக்கவே கூடாது. அந்தத் தோள்மூட்டு சுலபமாக நழுவும், வலியும் வந்துவிடும்.

முதல் நாள் 24 நிமிடம் ஆனது. அவருக்கு வேர்த்தது. எதிரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாவின் கை நான்கு முறை தானாக முன்னால் வந்தது. நான்கு முறையும் வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். உண்மையில் எங்கள் படிப்பிலேயே கஷ்டமான பாடம் அதுதான், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது. அன்பினால் செய்கிறோம், நேரமும் மிச்சமாகிறது, சரிதான். ஆனால் அவர் கைக்குக் கிடைக்க வேண்டிய பயிற்சி நம் கைக்குப் போய்விடுகிறது. அந்த நாளில் அவருக்கென்று மிச்சமிருந்த ஒரே வேலையும் அதோடு போகிறது.

குழந்தைக்கு விளையாட்டு, மனச்சோர்வில் படுத்தே கிடப்பவருக்குக் காலையில் எழுந்து பல் விளக்குவது என்று ஆளுக்கு ஆள் தொழில் மாறும். பார்க்கும் முறை ஒன்றுதான்.

ஆறாவது வாரம் பெரியவர் ஒன்பது நிமிடத்தில் முடித்தார். கழுத்துப் பொத்தான் மட்டும் பாக்கி. அதற்கென்றே கம்பி வளையம் வைத்த பொத்தான் கொக்கி ஒன்றை எடுத்து வைத்திருந்தேன், அடுத்த இலக்கு என்று குறிப்பேட்டிலும் எழுதியாயிற்று. கொக்கியை நீட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்தார்.

"கழுத்துப் பொத்தானை நான் எந்தக் காலத்துல தம்பி போட்டிருக்கேன்?"