சென்னை–ஜித்தா: டிக்கெட்டில் இருப்பது மூன்றரை மணி, பறப்பது ஆறு மணி

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து உம்ராவுக்கு (மக்கா புனிதப் பயணத்துக்கு)க் கிளம்புகிறவர்கள் டிக்கெட் கைக்கு வந்ததும் கேட்பது, "எத்தனை மணி நேரம் பறக்கணும்?" என்பதுதான். காலை 10:00 மணிக்குச் சென்னையில் புறப்பாடு, பகல் 1:30க்கு ஜித்தாவில் இறக்கம் என்று அச்சாகியிருந்தால், மூன்றரை மணிதானே என்று நினைத்துவிடுகிறார்கள். புறப்படும் நேரம் இந்திய நேரம். இறங்கும் நேரம் சவூதி நேரம். சவூதி நமக்கு இரண்டரை மணி பின்னால். அதையும் கூட்டினால் ஆறு மணி. திரும்பும்போது கழிக்க வேண்டும்: ஜித்தாவில் பிற்பகல் 3:00, சென்னையில் இரவு 11:00 என்றால் எட்டு மணி அல்ல, ஐந்தரை மணி.

தூரம் இரு பக்கமும் ஒன்றுதான், நேர்க்கோட்டில் ஏறக்குறைய 4,450 கி.மீ. ஆனால் விமானம் பறக்கும் 10, 12 கி.மீ. உயரத்தில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும். குளிர்காலத்தில் இன்னும் வேகமாக. போகையில் எதிர்காற்று, வருகையில் பின்காற்று. பாய்மரம் கட்டிய ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இந்தக் கணக்கு தப்பினால் பெரிய பாதிப்பு இஹ்ராமுக்குத்தான் (உம்ராவுக்கான புனித நிலை; ஆண்கள் அதற்கென்று தைக்காத துணி உடுத்துவார்கள்). ஜித்தாவில் இறங்கும் முன்பே விமானம் மீகாத் எல்லையைக் கடந்துவிடும்; அதற்கு முன்பே இஹ்ராம் நிலைக்கு வந்துவிட வேண்டும். பல விமானங்களில் முன்கூட்டி அறிவிப்பார்கள். அதை மட்டும் நம்பித் தூங்கிவிடக் கூடாது. ஆண்கள் சென்னையிலேயே குளித்து இஹ்ராம் துணியை உடுத்திக்கொண்டு, நிய்யத்தை (உம்ரா செய்கிறேன் என்ற எண்ணத்தை) மட்டும் மீகாத்துக்கு முன் வைத்துக்கொள்வது நல்லது. விமானக் கழிப்பறையில் ஆள் திரும்பவே இடம் போதாது. துபாய், கொழும்பு வழியாக மாறிப் போகிறவர்கள் துணியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். சென்னையில் போட்ட பெட்டி நேராக ஜித்தாவில்தான் கையில் கிடைக்கும். இடையில் கேட்டால் தர மாட்டார்கள். இஹ்ராம் இல்லாமல் எல்லையைக் கடந்துவிட்டால் என்ன செய்வது என்பதை உங்கள் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) ஊரிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தேதி. 15ஆம் தேதி 00:40 என்று இருந்தால் அது 14ஆம் தேதி இரவு. 15ஆம் தேதி மாலை பெட்டி கட்டினால் விமானம் போய் முக்கால் நாள் ஆகியிருக்கும். பின்னாலிருந்து கணக்கிடுங்கள்: மூன்று மணி முன்னதாக, அதாவது 14ஆம் தேதி இரவு 9:40க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். கீழக்கரையிலிருந்து ஏறக்குறைய 550 கி.மீ.; சாப்பாடு, தொழுகைக்கு நிறுத்தினால் காரில் பத்து மணி நேரம். அப்படியானால் 14ஆம் தேதி காலை பத்து மணிக்காவது வண்டி நகர வேண்டும். ரயில் என்றால் 13ஆம் தேதி இரவே ஏறுங்கள். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயிலில் திரிசூலம் போனால் விமான நிலையம் எதிரிலேயே.

இரண்டு விமானங்களுக்குத் தனித்தனி பி.என்.ஆர். (முன்பதிவு எண்) போட்டுக் காசு மிச்சம் பிடிப்பதை நாங்கள் பரிந்துரைப்பதே இல்லை. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது டிக்கெட் பெரும்பாலும் வீண்தான். பெட்டியை எடுத்து மறுபடி போட, இடையில் விமானம் மாறும் நாட்டுக்குள் நுழைய விசாவும் கேட்பார்கள்.

இன்சுலின் போடுகிறவர்களுக்குப் போகிற நாள் வழக்கத்தைவிட இரண்டரை மணி கூடுதல். எந்த நேரத்துக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். மருந்து கைப்பையில் இருக்கட்டும். சரக்கு அறைக் குளிரில் இன்சுலின் உறைந்துவிட்டால் அதைப் போடக் கூடாது.