காலைப் பெடலில் பூட்டினால்தான் சைக்கிளா?

சிங்கப்பூரில் இயன்முறை சிகிச்சையாளரான என்னிடம் வரும் சைக்கிள்காரர்கள் வழக்கமாக முழங்காலைக் காட்டுவார்கள், அல்லது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இப்போது பாதத்தைக் காட்டுகிறவர்கள் கூடிவிட்டார்கள். "முதல் ஒன்றரை மணி நேரம் ஒன்றும் தெரியாது. அதன்பிறகு பெருவிரலுக்குக் கீழே நெருப்பாக எரிகிறது. சாங்கி போய்ச் சேர்வதற்குள் விரல்கள் இருப்பதே தெரியவில்லை." வருகிறவர் பொங்கோலாக இருந்தாலும் ஜூரோங்காக இருந்தாலும் ஏறக்குறைய இதே வாசகம்தான். கூடவே எடுத்து வரும் சப்பாத்தும் ஏறக்குறைய ஒரே மாதிரி: முன்பக்கம் கூர்மையாகக் குறுகி, அடிப்பாகம் பலகை போல விறைத்து, கீழே பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் வைத்தது.

அண்மையில் வந்தவர்தான் என் பொறுமையின் எல்லை. நாற்பதைத் தாண்டியவர், ஓட்டத் தொடங்கி ஓராண்டுகூட ஆகவில்லை. சப்பாத்துக்கும் பெடலுக்குமாக 500 வெள்ளிக்கு மேல் செலவழித்திருந்தார். இரண்டு பெருவிரல் நகங்களும் கருத்திருந்தன. அது போதாதென்று வலது மணிக்கட்டில் கட்டு. சிவப்பு விளக்கில் நின்றபோது பூட்டிலிருந்து காலை எடுக்க முடியாமல், நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்திருக்கிறார்.

"பூட்டுப் பெடல் இல்லாமல் நூறு கிலோமீட்டர் ஓட்டவே முடியாது என்று அண்ணன் சொன்னார், டாக்டர்."

"நான் டாக்டர் இல்லை. எந்த அண்ணன்?"

"எங்கள் குழுவில் மூத்தவர்."

ஒவ்வொரு குழுவிலும் அப்படி ஓர் அண்ணன் இருக்கிறார். நல்ல மனிதர், டியூப் வெடித்தால் நின்று உதவுவார், எல்லாருக்கும் காப்பி வாங்கித் தருவார். ஆனால் அவர் பரப்பும் ஒரு நம்பிக்கை இருக்கிறதே, அதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேச வேண்டியிருக்கிறது.

காலைப் பெடலோடு பூட்டினால், மிதிக்கும்போது மட்டுமல்லாமல் மேலே வரும்போதும் காலை இழுக்கலாம், ஆகவே ஒரு சுற்றுக்கு இரு மடங்கு வேலை, ஆகவே வேகம். இதுதான் அந்த நம்பிக்கை. கேட்பதற்குக் கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. உடல்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

பெடலுக்குள் விசைமானி பொருத்தி ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சீரான வேகத்தில் ஓட்டும்போது, தேர்ந்த பந்தய வீரர்களின் கால்கூட மேலே வரும் பாதியில் பெடலை இழுப்பதில்லை. லேசாக அழுத்திக்கொண்டேதான் வருகிறது. எதிர்க்கால் கீழே மிதிக்கும் வேகத்தில் இந்தக் கால் தூக்கப்படுகிறது, அவ்வளவுதான். கடிகார முகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், ஏறத்தாழ ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில்தான் உண்மையான வேலை நடக்கிறது. "சரி, வேண்டுமென்றே இழுத்தால்?" என்று அண்ணன் விடமாட்டார். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், பழகிய சைக்கிள் வீரர்களிடம் காலை மேலே இழுத்து ஓட்டச் சொன்னார்கள். விசை சுற்று முழுவதும் சமமாகப் பரவியது உண்மை. ஆனால் அதே வேலைக்கு உடல் அதிக ஆற்றலைச் செலவழித்தது. அவரவர் விருப்பப்படி மிதித்ததே சிக்கனமாக இருந்தது. இடுப்பின் முன்புறத் தசைகள் தொடையைத் தூக்கப் போதுமானவை; மணிக்கணக்கில் சைக்கிளை இழுக்கப் படைக்கப்பட்டவை அல்ல. விடாமல் இழுத்துப் பழகி, தொடை இடுக்கில் வலியோடு என்னிடம் வருகிறவர்கள் தனி வரிசை.

"பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தில் எல்லாரும் பூட்டிக்கொண்டுதானே ஓட்டுகிறார்கள்?" ஆமாம். 1985-இல் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அப்படிப்பட்ட பெடலோடு வென்றதிலிருந்து பந்தய உலகம் அதற்கு மாறிவிட்டது. அதற்கு முன்னர் தோல் வாரால் காலைக் கட்டிக்கொண்டார்கள். இருக்கையை விட்டு எழுந்து முழு வேகத்தில் பாயும்போது கால் நழுவினால் அவர்களுக்கு எலும்பு முறியும், பந்தயமும் போகும். நீங்கள் பாயப்போவது எங்கே? பூங்கா இணைப்புப் பாதையிலா? அங்கே சைக்கிளுக்கு வேக வரம்பு மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. வளைவுக்கு வளைவு நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்கள், மூன்று சக்கர வண்டிச் சிறுவர்கள், நாய்கள். சாலையைக் கடக்குமிடத்தில் நிற்க வேண்டும், மேம்பாலத்தில் இறங்கித் தள்ள வேண்டும். தீவைச் சுற்றி ஒரு முறை வந்தால் எத்தனை தடவை கால் தரையைத் தொடுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் குதிகாலைத் திருப்பிப் பூட்டை விடுவிக்க வேண்டும். களைத்த மூளை ஒரே ஒரு தடவை மறந்தால் போதும். அந்த வீழ்ச்சியில் வேகம் இல்லை. ஆனால் எல்லாரும் கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். பிறகு கிளீட்டோடு உணவங்காடி நிலையத்தின் ஈரத் தரையில் நடப்பது வேறு.

பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்கள் என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். உங்களுக்குப் பூட்டு தேவை, வைத்துக்கொள்ளுங்கள். கிளீட்டை மட்டும் விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பொருத்துங்கள். சற்றே கோணலாகத் திருகப்பட்டால் முழங்கால் அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டும். ஞாயிறு காலை ஐந்து மணி நேரம் ஓட்டி, வழியில் ரொட்டி பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தால், ஐந்து மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் 24,000 முறை மிதிக்கிறது. தட்டைப் பெடலில் அந்த 24,000 முறையும் பாதம் தனக்கு வசதியான இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். அரை மணிக்கு ஒரு முறை கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தலாம். முழங்கால் தன் இயல்பான கோணத்தில் ஏறி இறங்கும். எனக்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அதற்காகக் கடையில் சைக்கிளோடு கொடுத்த சின்னப் பிளாஸ்டிக் பெடலும் சரிப்படாது. மடக்கு சைக்கிளோடு வரும் மடக்குப் பெடல் பலவும் நெடுந்தூரத்துக்கு ஆகாது. பாதத்தின் பாதி அந்தரத்தில் நிற்கும். நீளமும் அகலமும் ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் உள்ள பலகையாகப் பாருங்கள். பெரிய பாதமென்றால் இன்னும் சற்றுப் பெரியது. நடுப்பகுதி மேடாக இல்லாமல் இலேசாகக் குழிந்திருந்தால் நல்லது. மேலே சிறு ஆணிகள் இருக்க வேண்டும். மழையில் அவைதான் காலைப் பிடித்துக்கொள்ளும். ஆணி கெண்டைக்காலைக் கிழிக்கும் என்று பயப்படுகிறவர்கள் பாதியைக் கழற்றிவிடலாம், பெரும்பாலும் திருகுதான். கிழித்துவிட்டால் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். காலுறையால் துடைத்துவிட்டு மேலே ஓட்டாதீர்கள். எம்ஆர்டி ரயிலில் மடக்கு சைக்கிள் ஏற்றுகிறவர்களே, பக்கத்தில் நிற்பவரின் காலும் கால்தான். பெடலுக்கு ஓர் உறை போடுங்கள்.

நீங்களே மாற்றுவதாக இருந்தால், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும். அதை அறியாமல் முழு பலத்தையும் போட்டு இறுக்கி, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு.

பாதத்தை எங்கே வைப்பது? விரல்களுக்குக் கீழுள்ள மேட்டுப்பகுதி அச்சுக்கு நேர் மேலே வர வேண்டும் என்பது பந்தயக்காரர்களின் பாடம். தட்டைப் பெடலில் பாதத்தைச் சற்று முன்னே தள்ளி, அச்சு அந்த மேட்டுக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் பின்னால் வரும்படி வையுங்கள். எரிச்சல் பாதி குறையும், கெண்டைத் தசையும் இளைப்பாறும். இப்படி வைக்கும்போது இருக்கையைச் சில மில்லிமீட்டர் இறக்க வேண்டியிருக்கலாம்.

இனி சப்பாத்து. பூட்டுச் சப்பாத்தைக் கைவிட்டவர்கள் நேராக அடுத்த கோடிக்குப் போய்விடுகிறார்கள்: இப்போது எங்கு பார்த்தாலும் விற்கிறதே, அடியில் தடித்த நுரை வைத்து முன்னும் பின்னும் தொட்டில் போல வளைந்த ஓட்டச் சப்பாத்து, அது. "ரொம்ப மென்மை, மேடம்!" மென்மைதான். ஓடும்போது குதிகால் தரையில் மோதுகிறது, அதற்கு நுரை வேண்டும். சைக்கிளில் எதுவும் மோதுவதில்லை. பெடலின் விளிம்பு அந்த நுரையை அமுக்கி, அதே இடத்தில் எலும்பைத் தேடிப்பிடிக்கிறது. வளைந்த அடிப்பாகம் வேறு பெடல்மேல் ஆடுகிறது. நாளெல்லாம் நடக்க வசதியான சப்பாத்து நாளெல்லாம் மிதிக்கவும் வசதியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

கடையில் கையிலெடுத்து வளைத்துப் பாருங்கள். விரல் மடியும் இடத்தில் கொஞ்சம் மடியலாம், நடுவில் மடியக் கூடாது. பிள்ளைகளின் பள்ளிக்கூட வெள்ளைச் சப்பாத்து இந்தச் சோதனையில் உடனே தோற்றுவிடும். அடிப்பாகம் தட்டையாக, பிடிப்பான ரப்பராக இருக்கட்டும். மலைப்பாதைச் சைக்கிளுக்கென்றே விற்கும் தட்டைப் பெடல் சப்பாத்துகள் புக்கிட் தீமா காட்டுப் பாதைக்கு அருமையானவை. ஆனால் பல கனமானவை, நம் வெயிலில் உள்ளே வெந்துவிடும், நனைந்தால் எளிதில் காயாது. நான் பலருக்கும் சொல்வது பூப்பந்துச் சப்பாத்து. தட்டையான ரப்பர், மெல்லிய நடு அடுக்கு, காற்றோட்டமான மேல்துணி, நடுவில் விறைப்பு. பெடல் ஆணிகள் ரப்பரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பதால், ஆட்டத்துக்குப் போடும் நல்ல ஜோடியைத் தொடாதீர்கள்.

அளவு விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. "நான் எப்போதும் எட்டுதான்" என்கிறார்கள். எப்போது அளந்தீர்கள்? கல்யாணத்துக்கு முன்பா? வயது ஏற ஏறப் பாதம் நீண்டு பரவுகிறது. சிலிப்பரிலேயே வளர்ந்த நம் கால்கள் முன்பக்கம் அகலமானவை. குறுகிய வார்ப்பில் செய்த சப்பாத்து, எண் சரியாக இருந்தாலும் பொருந்தாது. மாலையில் போய் வாங்குங்கள், அதற்குள் கால் சற்று வீங்கியிருக்கும். ஓட்டும்போது அணியும் காலுறையோடு, எழுந்து நின்று போட்டுப் பாருங்கள். இரண்டு பாதங்களும் அளவில் ஒன்றாக இருப்பது அரிது, பெரியதற்கு வாங்குங்கள். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் வேண்டும், விரல்களை உள்ளே விரிக்கவும் முடிய வேண்டும். பருத்திக் காலுறை வேண்டாம், வியர்வையைக் குடித்துவிட்டு உள்ளேயே வைத்திருக்கும்.

கயிற்றைக் கணுக்காலுக்கு அருகில் இறுக்கி, விரல் பக்கம் தளர்த்திக் கட்டுங்கள். பெரும்பாலோர் நேர்மாறாகக் கட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து நின்று இன்னும் கொஞ்சம் தளர்த்துங்கள். கயிற்றின் நுனியை உள்ளே செருகுங்கள். வலப்பக்கத்தில் சங்கிலி காத்துக்கொண்டிருக்கிறது. எரிச்சலுக்காக மருந்துக் கடையில் திண்டு வாங்கி ஒட்டுகிறவர்கள் அதை வலிக்கும் இடத்துக்கு நேர் கீழே ஒட்டுகிறார்கள். அது விரல்களுக்குக் கீழுள்ள அந்த மேட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இடம் தவறினால் ஒட்டாமல் இருப்பதே மேல்.

வழியில் மரத்துப்போனால் கியரைக் குறையுங்கள். சாங்கி விமான நிலையத்தை ஒட்டிய நேர்ச்சாலையில் எதிர்காற்று அடிக்கும்போது, வேகத்தை விட மனமில்லாமல் கனத்த கியரில் அழுத்துகிறார்களே, அங்கேதான் பல பாதங்கள் கெடுகின்றன. இலகுவான கியரில் வேகமாகச் சுற்றுங்கள். அவ்வப்போது எழுந்து நின்று விரல்களை அசையுங்கள்.

டிசம்பர் மழையில் நனைந்த சப்பாத்தை அன்றே காயவையுங்கள். உள்ளட்டையை உருவிவிட்டு, படித்து முடித்த நாளிதழை உள்ளே திணித்து, மின்விசிறிக்கு முன்னால் வையுங்கள். ஈரத்தோடு மறுநாளும் போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும், பிறகு வீட்டில் எல்லாருக்கும் பரவும்.

கடைசியாக, நீரிழிவு உள்ளவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நம்மிடையே அது எவ்வளவு பரவலாக இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். சைக்கிள் உங்களுக்கு மிக நல்லது, நிறுத்தாதீர்கள். ஆனால் கால் மரத்துப்போவதைச் சைக்கிளின்மேல் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இறங்கிச் சப்பாத்தைக் கழற்றி, சிறிது நேரத்தில் உணர்ச்சி முழுமையாகத் திரும்புகிறதா? ஓட்டாத நாளிலும் எறும்பு ஊர்வது போலத் தெரிகிறதா? இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரியா? ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். கொப்புளம் வலிக்காமல் இருந்தால் மகிழ்ச்சியடைய வேண்டாம், அதுதான் கவலைக்குரியது. பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) நீரிழிவு நோயாளிகளுக்குப் பாதப் பரிசோதனை இருக்கிறது. அடுத்த முறை போகும்போது கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

என்னைப் போன்றவர்களிடம் வருவதாக இருந்தால், ஓட்டும்போது போடும் சப்பாத்தையும் காலுறையையும் எடுத்து வாருங்கள். தயவுசெய்து துவைத்துவிட்டு வராதீர்கள். எங்கே தேய்ந்திருக்கிறது, எங்கே வியர்வைக் கறை படிந்திருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.