தடைக்காலத்துக் கபடியும் சூடை மீனும்

பாம்பன் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில் முதன்முதலாக உணவு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தியபோது ஓட்ஸ், ஆப்பிள், தினமும் அரை மணி நேர நடை என்று அச்சடித்த தாளைக் கொடுத்தேன். ஒரு பாட்டி, "ஏம்மா, ஊத்துல இருந்து குடம் குடமா தண்ணி தூக்குறேனே, அது நடை இல்லையா?" என்று கேட்டார். உணவியல் ஆலோசகரான எனக்குப் பதில் வரவில்லை.

அப்புறம் பெண்களை மட்டும் உட்காரவைத்துப் பேசுவதை விட்டுவிட்டேன். பாசி எடுக்க, கருவாடு காயப்போட என்று நாள் முழுக்க உழைப்பவர்கள் அவர்கள்தான். அசையாமல் இருப்பவர்கள் செல்போனும் கையுமாக இருக்கும் பிள்ளைகளும், மீன்பிடித் தடைக்காலத்தில் அவர்களுடைய அப்பாக்களும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும். பள்ளிக்கும் கோடை விடுமுறை. வீட்டில் எல்லாரும் ஒன்றாக இருப்பது அப்போதுதான் என்பதால் எங்கள் வேலையையும் அந்த மாதங்களுக்கே மாற்றிக்கொண்டோம்.

வெயில் தாழ்ந்ததும் மணலில் கபடி. அப்பாக்கள் ஒரு அணி, பிள்ளைகள் ஒரு அணி. பிள்ளைகளுக்குத் தினம் ஒரு மணி நேரம், பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நடக்கச் சொன்னால் வராதவர்கள், நேற்றுத் தோற்ற கோபத்தில் தானாக வந்து நிற்கிறார்கள்.

சாப்பாடுதான் சிக்கல். கையில் காசு இருக்காது. ஆனால் வள்ளம் என்கிற நாட்டுப்படகில் போகிறவர்களுக்குத் தடை இல்லை. சூடை, காரல், நெத்திலி கிடைக்கும். முள்ளோடு மென்று தின்கிற நெத்திலியில் கால்சியம் நிறைய. இந்தப் பொடிமீன் காய்ந்து கோழித்தீவனத்துக்குப் போகிறது, பிடித்தவர் வீட்டுப் பிள்ளையோ பத்து ரூபாய் பாக்கெட்டைப் பிரிக்கிறது. இதைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

ஒரு நாள் 250 மில்லி குளிர்பானம் வாங்கி, அதில் போட்டிருந்த சர்க்கரை அளவைப் பிள்ளைகளையே படிக்கச் சொல்லி, டீஸ்பூனால் அள்ளித் தட்டில் கொட்டவைத்தேன். ஐந்தைத் தாண்டியதும், "போதும் மேடம், குமட்டுது" என்றான் ஒருவன். அது நுங்குக் காலம். மறுநாள் நுங்கு வெட்டிக் கொடுத்தோம். கருப்பட்டி சர்க்கரை நோயாளிக்கு ஆகும் என்பவர்களோடு என் சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. அதுவும் சர்க்கரைதான்.

கருவாட்டை விடச் சொல்வதில்லை. ஒரு நாளைக்கு மொத்த உப்பே ஒரு டீஸ்பூனுக்குள், அதாவது 5 கிராமுக்குள் இருக்க வேண்டும். அதனால் வெந்நீரில் ஊறவைத்து இரண்டு தடவை அலசி, குழம்பில் தனியாக உப்புப் போடாமல் ருசி பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு இன்னும் கைவராதது சோறு. கடலுக்குப் போய் வலை இழுத்து வந்தவருக்குப் போட்ட அதே அளவுதான், சும்மா இருக்கும் 61 நாளும் தட்டில் விழுகிறது. இரண்டு அகப்பையைக் குறைத்து அந்த இடத்தில் முருங்கைக்கீரை வையுங்கள் என்றால், "நீங்களே வந்து அவருக்குப் பரிமாறுங்க மேடம்" என்று சிரிக்கிறார்கள்.